ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி உலுக்குகிறதா? டீசல் மோட்டார்ஹோமில் என்ஜின் பிரேக் பிடிக்கும் விதத்தை மாற்றுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை வேறு வேறு உருவத்தில் பலருக்கும் இருக்கிறது. 38 அடி டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்க வீடு போலக் கட்டிய பெரிய வண்டி), பின்பக்கம் கம்மின்ஸ் ஐஎஸ்எல் என்ஜின், அலிசன் 3000 கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வரும் ஒரு சின்னக் கார். டாஷ்போர்டில் என்ஜின் பிரேக் ஸ்விட்சைப் போட்டுவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி திணறுகிறது, கியர் மளமளவென்று இறங்குகிறது, அலமாரிக் கதவு திறந்து தட்டெல்லாம் கீழே விழுகிறது. வைத்த வேகத்தைத் தானாகப் பிடித்து வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஓட்டினால் சின்ன இறக்கத்தில்கூடத் தானாகப் பிடித்துக்கொள்கிறது. வொர்க்‌ஷாப்பில் கேட்டால், கம்பெனியிலேயே அப்படித்தான் வரும், ஒன்றும் மாற்ற முடியாது என்கிறார்கள். நிஜமாகவே மாற்ற முடியாதா?

முடியும். ஆனால் எதை மாற்றுவது என்று தெரியாமல் கை வைத்தால், இப்போது இருப்பதைவிட மோசமான இடத்தில் போய் நிற்பீர்கள். நான் ஒரு முறை போய் நின்றிருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் அந்த ஸ்விட்ச் பிரேக்கைப் போடுவதில்லை. அது ஒரு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். "தேவைப்பட்டால் பிடித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மையில் எப்போது பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்வது மூன்று பேர்: உங்கள் ஆக்சிலேட்டர் பெடல், என்ஜினின் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர். இந்த மூவரில் யார் உங்களுக்குத் தொல்லை கொடுக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் கோபம் பிரேக் மேல் இருந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் கியர்பாக்ஸ்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் வழியே மூடிக்கொள்கிறது, என்ஜின் அந்த வெற்றிடத்தை இழுத்துத் திணறுவதால் வண்டி தானாக மெதுவாகும். டீசலில் அப்படி ஒரு மூடி அந்த வேலைக்கு இல்லை. காலை எடுத்தால் டீசல் வரத்து மட்டும் நிற்கும், காற்று தாராளமாகப் போய் வரும், வண்டி ஜாலியாக உருண்டுகொண்டே இருக்கும். பதினைந்து டன் வண்டி ஆறு சதவீத இறக்கத்தில் ஜாலியாக உருண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கால் பிரேக்கை மட்டும் நம்பி அமுக்கிக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, கடைசியில் பெடல் தரை வரை போனாலும் வண்டி நிற்காது.

அதற்குத்தான் இரண்டு வகை உபாயம். ஒன்று எக்ஸாஸ்ட் பிரேக்: புகை வெளியேறும் குழாயை ஒரு தகடு வைத்து அடைப்பது. என்ஜின் தன் புகையைத் தானே தள்ள முடியாமல் முக்கும், அந்த முக்கல்தான் பிரேக். 2007-க்குப் பிறகு வந்த கம்மின்ஸின் 6.7 லிட்டர் ஐஎஸ்பி போன்ற என்ஜின்களில் தனித் தகடு தேவையில்லை, டர்போவே தன் வாயைக் குறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்துவிடும். இன்னொன்று கம்ப்ரஷன் பிரேக், ஜேக் பிரேக் என்று எல்லோரும் சொல்வது. பிஸ்டன் மேலே வந்து காற்றை நன்றாக அழுத்தி முடித்த நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடுகிறது. அழுத்துவதற்கு வண்டி செலவழித்த சக்தி திரும்பக் கிடைப்பதில்லை, வண்டி மெதுவாகிறது. இதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ்தான். 1931-ல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரி ஒன்றில் இறங்கும்போது பிரேக் கைவிட்டு, கீழே தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த பயம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார், ஜேக்கப்ஸ் கம்பெனி அதைத் தயாரித்து 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜேக் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு விதி பொது: என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பிடி இருக்கும். 1,200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1,200 சுற்றில், ஐஎஸ்எல்லின் பிரேக் வெறும் ஒப்புக்குத்தான். 2,000-ஐத் தாண்டினால் அது வேறு பிராணி. சரி, நீங்கள் நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் சாவகாசமாகப் போகிறீர்கள், என்ஜின் 1,500-ல் சுற்றுகிறது. அங்கே பிரேக் போட்டு என்ன பயன்? அதனால் என்ஜின் பிரேக் வேலை செய்ய ஆரம்பித்ததும் கியர்பாக்ஸ், "நான் கியரை இறக்கி ஆர்பிஎம்மை ஏற்றித் தருகிறேன்" என்று ஒத்தாசைக்கு வருகிறது. இதற்கு அது ஒரு இலக்கு கியரை மனதில் வைத்திருக்கும். நிறைய மோட்டார்ஹோம்களில் அந்த இலக்கு இரண்டாவது கியர்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பட்டனை அமுக்கி கியர் தேர்ந்தெடுக்கும் வகை அலிசனில், அந்தப் பட்டன் பலகையிலேயே இரண்டு எண்கள் தெரியும். இடப்பக்கம் இருப்பது எந்த கியர் வரை போகலாம் என்பது, வலப்பக்கம் இருப்பது இப்போது நிஜமாக எந்த கியரில் இருக்கிறீர்கள் என்பது. சாதாரணமாக ஓட்டும்போது இரண்டிலும் 6 இருக்கும். என்ஜின் பிரேக் ஸ்விட்சைப் போட்டுக் காலை எடுங்கள். இடப்பக்க எண் சட்டென்று 2 ஆகும், வலப்பக்கம் 6, 5, 4 என்று படிப்படியாக இறங்கிவரும். இடப்பக்கம் 4 வந்தால் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள், அல்லது வண்டி கட்டியவர்களே அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடியே, ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய மிக முக்கியமான தகவல் இதுதான். ஆனால் பல பேர் வருஷக்கணக்காக அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை.

இலக்கு 2 என்றால் 60 மைல் வேகத்தில் இரண்டாவது கியரில் போட்டு என்ஜினை உடைத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கியர்பாக்ஸ் அவ்வளவு முட்டாள் இல்லை. அடுத்த கியரில் என்ஜின் தாங்கும் வேகத்துக்கு வண்டி இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு படியாக இறக்கும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அலிசன் 3000-ன் விகிதங்கள் முதல் கியரிலிருந்து ஆறு வரை 3.49, 1.86, 1.41, 1.00, 0.75, 0.65. மணிக்கு 60 மைலில் ஆறாவது கியரில் என்ஜின் 1,500-ல் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் ஐந்தாவது என்றால் சுமார் 1,730. நான்காவது என்றால் சுமார் 2,300. பார்த்தீர்களா, ஆறிலிருந்து ஐந்துக்கு வரும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போதுதான் ஒரே தாவலாக ஏறுகிறது. நீங்கள் சொல்லும் அந்தச் சட்டையைப் பிடித்து இழுக்கும் உணர்வு பெரும்பாலும் இந்த நான்காவது கியர் விழும் இடத்தில்தான் இருக்கும். வேகம் 45-க்கு வந்ததும் மூன்றாவது விழுந்தால் மறுபடி 2,440. அங்கே இரண்டாவது உலுக்கல்.

ஆக, உங்கள் விஷயத்தில் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த இலக்கு கியரைத்தான். இது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் மாற்றக்கூடிய ஒரு எண். வண்டிக்குள் எந்தப் பட்டனாலும் மாறாது, அலிசனின் சொந்த மென்பொருள் போட்ட லேப்டாப் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட அலிசன் கடை எதிலும் அது இருக்கும். வேலை பெரிதில்லை. மோட்டார்ஹோம் விற்ற டீலரிடம் போய்க் கேட்டால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், "மாற்ற முடியாது" என்ற பதில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. லாரிகளைப் பார்க்கும் அலிசன் கடைக்கே நேராகப் போங்கள். "என்ஜின் பிரேக் போட்டால் எந்த கியரை நோக்கி இறங்குகிறதோ அந்த எண்ணை இரண்டிலிருந்து நான்காக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி உலுக்குகிறது என்று மொட்டையாகச் சொன்னால் ஆயிலை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இனி என் கதை. எனக்கும் இந்த உலுக்கல் பிடிக்காமல், கடையில் போய் இலக்கை ஐந்தாவது கியராக்கச் சொன்னேன். அவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார்கள், நானும் மேதாவி மாதிரித் தலையாட்டினேன். சமதளத்தில் அற்புதம். பட்டுப் போல மெதுவாகிறது, தட்டு விழவில்லை, வீட்டில் இருப்பவர்கள் திட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நீண்ட ஆறு சதவீத இறக்கம். 45 மைலில் ஐந்தாவது கியரிலேயே நிற்கிறது, என்ஜின் 1,300-கூட இல்லை. பிரேக் விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது, வண்டி மட்டும் வேகம் பிடித்துக்கொண்டே போகிறது! பாதி தூரம் கால் பிரேக்கிலேயே வந்து, கீழே ஒதுக்கி நிறுத்தி இறங்கினால் முன் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். அன்றைக்கு கியர் பட்டன் பலகையில் இருக்கும் கீழ் அம்புக்குறியை அமுக்கி நானாக கியரை இறக்கியிருக்கலாம், ஆனால் பதற்றத்தில் அது தோன்றவே இல்லை. அடுத்த வாரமே போய் நான்காக மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து நான்குதான்.

நான்கு ஏன் நல்ல இடம் என்றால், 45 மைலில் 1,730 ஆர்பிஎம் கிடைக்கிறது, சாதாரண மலைச்சாலைக்குப் போதுமான பிடி. அதற்குக் கீழே போக வேண்டிய செங்குத்தான இறக்கம் வந்தால், உதாரணமாக வயோமிங்கில் பத்து சதவீதம் இருக்கும் டீட்டன் கணவாய் மாதிரி, அங்கே எப்படியும் நீங்கள் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, அம்புக்குறியால் மூன்றாவதையோ இரண்டாவதையோ நீங்களே தேர்ந்தெடுத்துத்தான் இறங்க வேண்டும். எந்தத் தானியங்கி ஏற்பாட்டையும் நம்பி அங்கே இறங்கக் கூடாது. ஆனால் மலைப்பகுதியிலேயே அதிகம் ஓட்டுபவர் என்றால் இரண்டிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். உலுக்கல் ஒரு அசௌகரியம், அவ்வளவுதான். அலமாரிக் கதவுக்கு நல்ல கொக்கி போட்டால் போகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்குக் கடைக்கே போக வேண்டாம்: ஸ்விட்சை எப்போதும் போட்டு வைத்திருக்கும் பழக்கத்தை விடுவது. பலர் சாவி போட்ட கையோடு என்ஜின் பிரேக்கையும் போட்டுவிடுகிறார்கள். நகரப் போக்குவரத்தில் எனக்கும் அது பிடிக்கும், கால் பிரேக் தேய்மானம் மிச்சம். சமமான நெடுஞ்சாலையில் அது எதற்கு? உங்கள் ஐஎஸ்எல்லில் ஹை, லோ என்று இரண்டு நிலை ஸ்விட்ச் இருந்தால் சாதாரண நேரத்தில் லோவில் வையுங்கள், பாதி சிலிண்டர்கள் மட்டும்தான் பிரேக் வேலை செய்யும். உலுக்கல் பாதியாகக் குறைந்ததை முதல் மைலிலேயே உணர்வீர்கள். ஸ்விட்சைப் போடும் நேரமும் முக்கியம். காலை எடுத்துவிட்டு, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் தட்டினால் மொத்தப் பிடியும் ஒரே அடியாக விழும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி ஸ்விட்சைப் போட்டு, பிறகு காலை மெதுவாக எடுங்கள்.

க்ரூஸ் விஷயம் வேறு ஆளுடையது. அது என்ஜின் கம்ப்யூட்டரின் முடிவு. க்ரூஸ் ஓடும்போது என்ஜின் பிரேக் தானாகப் பிடிக்கலாமா கூடாதா, பிடிக்கலாம் என்றால் வைத்த வேகத்தை எத்தனை மைல் தாண்டினால் பிடிக்கலாம் என்று உள்ளே ஒரு அமைப்பு இருக்கிறது. கம்மின்ஸ் கடையில் இன்சைட் என்ற மென்பொருளில் அதைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் வண்டி சின்ன இறக்கத்தில்கூடப் பிடிக்கிறது என்றால் அந்த இடைவெளி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மைல் தாண்டியதும் பிடிப்பதை ஐந்து மைல் தாண்டிப் பிடிக்குமாறு மாற்றினால், மேடு பள்ளமான சாலையில் வண்டி தன் வேகத்திலேயே இறங்கி அடுத்த ஏற்றத்துக்கு அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளும், டீசலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் இழுத்து வரும் கார், வேக வரம்பு எல்லாவற்றையும் யோசித்து எண்ணைச் சொல்லுங்கள், பத்து மைல் என்று கேட்காதீர்கள்.

அதே மென்பொருளில் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. காலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துப் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. அரை வினாடி, ஒரு வினாடி தாமதம் கூட்டினாலே, லேசாகக் காலை எடுத்து எடுத்து மிதிக்கும் இடங்களில் வரும் எரிச்சல் ஏறக்குறைய போய்விடும். எந்த வேகத்துக்குக் கீழே பிடிக்கவே கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: காலை எடுத்ததும் பிடிக்காமல், கால் பிரேக்கை ஒரு முறை தொட்டால் மட்டும் பிடிக்குமாறு வைப்பது. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி உருளும், பிரேக்கைத் தொட்டால் என்ஜினும் சேர்ந்து இழுக்கும். பஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ரொம்ப இயல்பாக இருக்கும். கேட்டர்பில்லர் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி வசதி உண்டு, அங்கே கோஸ்ட், லாட்ச், மேனுவல் என்று மூன்று பெயர். க்ரூஸ் ஸ்விட்ச் போட்டிருக்கும்போது, கோஸ்ட் என்றால் பிரேக் மிதித்திருக்கும் வரை மட்டும் பிடிக்கும். லாட்ச் என்றால் ஒரு முறை மிதித்துவிட்டால் காலை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். மேனுவல் என்றால் பிரேக் பெடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒவ்வொரு என்ஜினிலும் இவை எல்லாம் திறந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். வண்டி கட்டிய கம்பெனி சிலவற்றைப் பூட்டி வைத்திருக்கும். அதனால் போகும்போதே, என்ஜின் பிரேக் சம்பந்தப்பட்ட எல்லா அமைப்புகளையும் இப்போது எப்படி இருக்கின்றனவோ அப்படியே பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு ஒரு பிரிண்ட். இது இல்லாமல் ஐந்து வருடம் கழித்து வேறு கடையில் யாராவது கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டால், பழைய எண்ணெல்லாம் காற்றோடு போய்விடும், மறுபடி ஆரம்பத்திலிருந்து.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கியர் இலக்கையும் தாமதத்தையும் க்ரூஸ் இடைவெளியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வந்து, இப்போது ஏதோ சரியில்லை என்று சொன்னால், எது சரியில்லை என்று அந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

சிலருக்கு நேர் எதிர்க் குறை: ஸ்விட்சைப் போட்டாலும் பிடிப்பதே இல்லை, அல்லது ஒரு நாள் பிடிக்கிறது, மறுநாள் இல்லை. அவர்கள் அமைப்புகளைத் தொடுவதற்கு முன் பெடலைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் முழுக்க மேலே வந்துவிட்டது, பூஜ்யம், என்று என்ஜின் கம்ப்யூட்டர் நம்பினால்தான் பிரேக் வரும். தரைவிரிப்பின் ஓரம் பெடலுக்கு அடியில் மாட்டியிருந்தாலும், பெடல் சென்சார் தேய்ந்து இரண்டு சதவீதம் காட்டினாலும், நீண்ட பயணத்தில் தெரியாமல் கால் அதன் மேல் சாய்ந்திருந்தாலும் வராது. என்ஜின் தகவல்களைக் காட்டும் சின்னத் திரை ஏதாவது வண்டியில் இருந்தால், காலை எடுத்த நிலையில் அது பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். காலையில் கிளம்பிய உடனே பிடிக்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை, ஆயில் சூடாகும் வரை கம்ப்ரஷன் பிரேக் வேலை செய்யாது. ஆர்பிஎம் ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கினாலும், டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டி வைக்கும் பிடி) விட்டுப்போனாலும், ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்தாலும் தானாக விட்டுவிடும். நிற்கப் போகும் கடைசி நேரத்தில் பிரேக் "விட்டுப்போகிறது" என்று பதறுபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வராத காலத்து 5.9 லிட்டர் என்ஜின் வைத்திருந்தால் கதை இன்னும் எளிது. அங்கே டீசல் பம்பில், ஆக்சிலேட்டரோடு சேர்ந்து அசையும் த்ராட்டில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். கைப்பிடி முழுக்கத் திரும்பி வந்து அதை அமுக்கினால் பிரேக் வரும். அந்த ஸ்விட்சின் இரண்டு திருகாணியைத் தளர்த்தி ஒரு இம்மி நகர்த்துவதுதான் மொத்த சரிசெய்தலும். க்ளிக் என்ற சத்தம் கைப்பிடி கடைசியாக நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கேட்க வேண்டும். ரொம்ப முன்னால் வைத்துவிட்டால் லேசாக மிதித்திருக்கும்போதே புகைக்குழாய் அடைபடும், டீசலும் போகும், சூடும் ஏறும். தகடு வகைப் பிரேக்குகளை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் கரி பிடித்துத் தகடு இறுகிவிடும், அதற்கென்று உள்ள எண்ணெயை அந்த அச்சில் விட்டு, நிறுத்தியிருக்கும்போது ஒருவரை ஸ்விட்சைத் தட்டச் சொல்லி அது அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: பின் அழுத்தத்தைக் கூட்டிப் பிடியை அதிகமாக்குகிறேன் என்று தகட்டில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் வேலை வேண்டாம். அழுத்தம் எல்லை தாண்டினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங் தாங்காது, மூடியிருக்க வேண்டிய வால்வ் திறந்துகொள்ளும்.

மழையிலும் பனியிலும் எந்த அமைப்பும் உதவாது, ஸ்விட்சை அணைப்பது மட்டும்தான் வழி. இந்தப் பிடி முழுவதும் பின்னால் ஓட்டும் ஒரே அச்சின் சக்கரங்களுக்கு மட்டும் போகிறது, முன் சக்கரத்துக்கோ மூன்றாவது அச்சுக்கோ அதில் பங்கில்லை. ஈரத்தில் அந்தச் சக்கரம் வழுக்கினால் பின்பக்கம் பக்கவாட்டில் போகும், பின்னால் கார் வேறு தள்ளுகிறது.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. இழுத்து வரும் காருக்கென்று தனி பிரேக் பெட்டி வைத்திருப்பீர்கள், பெடலை அமுக்கும் வகை. சில வகை வண்டி மெதுவாவதை உணர்ந்து பிடிக்கும், சில வகை மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு எரிந்தால் பிடிக்கும். பல மோட்டார்ஹோம்களில் என்ஜின் பிரேக் வேலை செய்யும்போதும் பிரேக் விளக்கு எரியுமாறு வயர் போட்டிருப்பார்கள், பின்னால் வருபவருக்கு அது நல்லதுதான். ஆனால் இரண்டும் சேர்ந்தால், ஏழு மைல் இறக்கத்தில் நீங்கள் கால் பிரேக்கைத் தொடாமல் கெட்டிக்காரத்தனமாக இறங்கிக்கொண்டிருக்க, பின்னால் அந்தக் காரின் பிரேக் ஏழு மைலும் பிடித்தபடியே வரும். அடுத்த முறை ஒரு இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, காரின் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் கியர் இலக்கு, தாமதம் எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பிரேக் பெட்டியின் உணர்திறனைக் குறையுங்கள், அல்லது கால் பிரேக்கை நிஜமாக மிதித்தால் மட்டும் அதற்கு சிக்னல் போகுமாறு வயரைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள்.